ரத்தக் கொதிப்புக்காரர் கேட்க மறக்கும் இரண்டு எண்கள்

"பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். போன மாதம் நூற்று ஐம்பத்திரண்டு, இந்த மாதம் நூற்று முப்பத்தெட்டு, மாத்திரை மாற்றிய பிறகு இறங்கிவிட்டது என்று வரலாறே வந்துவிடும். கிளினிக் புத்தகம் கைவசம் இருக்கும். பாதிப் பேர் வீட்டில் சொந்தமாக ஒரு கருவியும் வைத்திருக்கிறார்கள்.

அதே பெரியவரிடம் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கென்ன, தண்ணி நல்லாத்தான் போகுது" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பதிலில்தான் சிக்கலே இருக்கிறது. சிறுநீர் தாராளமாகப் போவது, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் ஆகாது. கணக்கைப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மற்றதெல்லாம் மீண்டும் ரத்தத்துக்கே போய்விடுகிறது. வடிகட்டும் திறன் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் 36 லிட்டர் மிஞ்சும். இரண்டு லிட்டர் சிறுநீர் போவதற்கு அதுவே தாராளம். இன்னும் சொன்னால், பழுதான சிறுநீரகத்துக்குச் சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி குறைந்துபோவதால், இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து போகவேண்டி வரும். "நல்லாப் போகுது" என்று நாம் மகிழ்கிற அதே விஷயம் சிலருக்குக் கோளாறின் முதல் அறிகுறி.

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டுகின்றன. நாள்பட்ட சிறுநீரக நோய் 2011-இல் பெரியவர்களில் 9 விழுக்காட்டினருக்கு இருந்தது; 2018-இல் அது 15 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த 2018 ஆய்வில் இதைவிட அதிர்ச்சியான தகவல் ஒன்று உண்டு. நோய் இருந்தவர்களில் தங்களுக்கு அது இருப்பது தெரிந்தவர்கள் 20 பேரில் ஒருவர்தான். இன்று இந்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் இனிப்பு நீர். அதற்கு அடுத்த இடத்தில் இருப்பது ரத்தக் கொதிப்பு. நம் குடும்பங்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே குடியிருக்கின்றன என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எது முன்னால், எது பின்னால்?

சிறுநீரகக் கோளாறையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்துக்கு வயது கிட்டத்தட்ட இருநூறு. லண்டனின் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதுபோல் அது திரிந்தால் அதில் புரதம் இருக்கிறது என்று அர்த்தம். 1827-இல் அவர் வெளியிட்ட குறிப்புகள்தான் சிறுநீரக மருத்துவத்தின் தொடக்கம். அப்போது ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவியே கிடையாது. ஆனாலும் இந்த நோயாளிகளின் நாடி கடினமாக இருப்பதையும் இருதயம் பெருத்திருப்பதையும் அவர் கவனித்திருந்தார்.

அதே மருத்துவமனையில் 1870-களில் இன்னொருவர் வந்தார். ஃபிரெடெரிக் அக்பர் முகமது. லண்டனில் 1810-இலேயே இந்திய உணவகம் திறந்த, பாட்னாவில் பிறந்த டீன் முகமதுவின் பேரன் இவர். நாடித் துடிப்பைக் காகிதத்தில் வரையும் கருவியைச் செம்மைப்படுத்தி, அதுவரை யாரும் யோசிக்காத ஒன்றைச் சொன்னார். சிறுநீரகம் கெட்ட பிறகுதான் அழுத்தம் ஏறும் என்றில்லை. அழுத்தம் முதலில் ஏறி, சிறுநீரகம் பிறகு கெடலாம் என்றார். 35 வயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். பெயர் அதிகம் பேசப்படவில்லை. அவர் சொன்னது நின்றுவிட்டது.

இன்று நமக்குத் தெரிந்தது, இரண்டும் உண்மை என்பதுதான். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் சிறு பந்து. அழுத்தம் ஆண்டுக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால், அந்தப் பந்துக்குள் போகும் குழாயின் சுவர் தடித்து உள்வழி குறுகிவிடும். ரத்தம் போதாமல் வடிகட்டி சுருங்கிச் செத்துவிடும். வேறு சில வடிகட்டிகளில் அழுத்தம் நேராக உள்ளே பாய்ந்து சல்லடையைக் கிழித்துவிடும். ரத்தம் குறைவாக வருவதை உணரும் சிறுநீரகம் என்ன செய்யும்? உடம்பில் அழுத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ரெனின் என்ற சுரப்பை வெளியிட்டு, குழாய்களை இறுக்கி, உப்பைத் தேக்கி, அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும். ஏறிய அழுத்தம் இன்னும் சில வடிகட்டிகளைக் கொல்லும். இப்படியே சுற்றும். வலி இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால்தான் சோதித்துப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

முதல் எண்: ரத்தத்தில்

ரத்தச் சோதனைத் தாளில் கிரியேட்டினின் என்று ஒரு வரி இருக்கும். தசைகள் தினமும் வெளியிடும் கழிவுப் பொருள் அது. சிறுநீரகம் அதை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை மந்தமானால் ரத்தத்தில் அது தேங்கும். இதுவரை சரி. ஆனால் கிரியேட்டினினை மட்டும் பார்த்து "நார்மல்" என்று திருப்தியடைவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

காரணம், அந்த எண் ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். தசை அதிகம் இருப்பவருக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். மெலிந்த மூதாட்டிக்குக் குறைவாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இருவருக்கும் கிரியேட்டினின் 90 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். 25 வயது இளைஞருக்கு அது மிக நல்ல எண். அவருடைய வடிகட்டும் திறன் 100-ஐத் தாண்டி இருக்கும். 72 வயதுப் பாட்டிக்கு அதே 90 வந்தால், கணக்குப் போட்டுப் பார்க்கும்போது வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே இறங்கிவிடும். தாளில் சிவப்புக் குறி எதுவும் இல்லாமலே கூட அது வரலாம்.

அந்தக் கணக்கின் பெயர்தான் இஜிஎஃப்ஆர். கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் வடிகட்டப்படுகிறது என்று மதிப்பிடுகிறார்கள். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. 60 முதல் 89 வரை இருந்தால், வேறு கோளாறு எதுவும் தெரியாத வரையில், நோய் என்று சொல்லமாட்டார்கள். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 30-க்குக் கீழே போனால் சிறுநீரக நிபுணரைப் பார்த்தே ஆகவேண்டும். 15-க்குக் கீழே என்றால் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு வந்துவிடும்.

மூன்று மாதம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஒரு தாளைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சலில் உடம்பு நீர் வற்றினால் இந்த எண் தற்காலிகமாக இறங்கும். தீபாவளிக்கு மறுநாள், முந்தைய இரவு ஆட்டுக்கறியை ஒரு கை பார்த்துவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தாலும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறித்தான் காட்டும். சமைத்த இறைச்சியிலேயே அது இருக்கிறது. ஜிம்முக்குப் போய் கிரியேட்டின் தூள் சாப்பிடும் இளைஞர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நல்ல சிறுநீரகத்துக்கு நோய்ப் பட்டம் கிடைக்கும். இதற்கு நேர்மாறாக, படுக்கையில் கிடந்து தசை வற்றிய முதியவருக்கு எண் பொய்யாக அழகாக இருக்கும். சந்தேகம் வந்தால் தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தச் சோதனை உண்டு. எல்லாருக்கும் அது தேவையில்லை.

இன்னொன்று. நம்மில் பலர் ஊருக்குப் போகும்போது சென்னையில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டு வருகிறார்கள். அங்கே கிரியேட்டினின் 1.1 என்று இருக்கும். இங்கே எடுத்தால் 97 என்று வரும். எத்தனை மடங்கு ஏறிவிட்டது என்று பதறவேண்டாம். இரண்டும் ஒரே அளவுதான். இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு, இங்கே மைக்ரோமோல் கணக்கு. அங்குள்ள எண்ணை 88.4-ஆல் பெருக்கினால் இங்குள்ள எண் வந்துவிடும். இஜிஎஃப்ஆர் மட்டும் எங்கே எடுத்தாலும் ஒரே அளவில்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அதுவே வசதி.

இரண்டாவது எண்: சிறுநீரில்

முதல் எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பலருக்கு எடுக்கப்படாமல் விட்டுப்போவதும் இதுதான்.

சிறுநீரகச் சல்லடை நன்றாக இருந்தால் அல்புமின் என்ற புரதம் ரத்தத்திலேயே நின்றுவிடும். ஓட்டை விழத் தொடங்கினால் சிறுகச் சிறுக அது சிறுநீரில் ஒழுகும். இதில் கவனிக்க வேண்டியது, இஜிஎஃப்ஆர் இன்னும் 95, 100 என்று அழகாக இருக்கும்போதே இந்த ஒழுகல் தொடங்கிவிடலாம் என்பது. மிச்சமிருக்கும் வடிகட்டிகள் கூடுதல் வேலை செய்து மொத்தக் கணக்கைச் சமாளித்துவிடும். வேலையிடத்தில் இருவர் விடுப்பில் போனாலும் மற்றவர்கள் ஓவர்டைம் பார்த்து வேலையை முடித்துவிடுவதைப் போலத்தான். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஆள் குறைந்தது தெரியாது.

அல்புமின் ஒழுகுவது இருதயத்துக்கும் எச்சரிக்கை. சிறுநீரகத்தின் நுண்குழாய் கசிகிறது என்றால் உடம்பில் மற்ற இடங்களின் குழாய்களும் நல்ல நிலையில் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மாரடைப்பும் பக்கவாதமும் இவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம். உண்மையில் ஆரம்பக் கட்டச் சிறுநீரக நோயாளிகளில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட இருதய நோயில் மாட்டிக்கொள்கிறவர்களே கூடுதல்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு ஏசிஆர் என்று பெயர். சிறுநீரில் உள்ள அல்புமினை அதே சிறுநீரில் உள்ள கிரியேட்டினினால் வகுத்துச் சொல்வது. ஏன் வகுக்க வேண்டும்? நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். அதில் அல்புமின் குறைவாகத் தெரியும். ஒரு சிட்டிகை உப்பை ஒரு குவளையில் போட்டால் கரிக்கும், ஓர் அண்டாவில் போட்டால் தெரியாது, அந்த மாதிரி. வகுத்துவிட்டால் அந்த ஏமாற்று போய்விடும். முன்பெல்லாம் 24 மணி நேரச் சிறுநீரைப் பெரிய கலனில் சேர்த்து எடுத்து வரச் சொல்வார்கள். இன்று பெரும்பாலானோருக்கு அந்த அவதி இல்லை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் சிறு புட்டியில் இருந்தால் போதும்.

அந்த விகிதம் பொதுவாக 3-க்குக் கீழே இருக்க வேண்டும். சில ஆய்வுக்கூடங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சற்று வேறு எல்லை வைத்திருக்கும். 3 முதல் 30 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. 30-க்கு மேல் என்றால் கடுமையான கசிவு.

இங்கே ஒரு குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. "சிறுநீர்தான் கிளினிக்கில் எடுத்தார்களே, எல்லாம் நெகட்டிவ் என்றார்களே" என்பார்கள். கிளினிக்கில் சிறுநீரில் முக்கி நிறம் பார்க்கும் காகிதப் பட்டை, அல்புமின் கணிசமாக வந்தால்தான் நிறம் மாறும். 5, 10 என்ற ஆரம்பக் கசிவு அதன் கண்ணில் படாமல் தப்பிவிடும். நுரை வருகிறதா என்று பார்ப்பதும் அப்படியே. விடாமல் நுரைத்துக்கொண்டே இருந்தால் சோதிக்க வேண்டும், ஆனால் நுரை இல்லை என்பதால் கசிவு இல்லை என்று நிம்மதியடைய முடியாது.

கடும் உடற்பயிற்சி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு ஆகியவையும் ஏசிஆரை உயர்த்திக் காட்டும். ஆகவே முதல் தடவை கூடுதலாக வந்தால் மறுபடி எடுப்பார்கள். மூன்றில் இரண்டு தடவை கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

இரண்டு எண்களையும் ஏன் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவருக்கு வயது 74, இஜிஎஃப்ஆர் 54, ஏசிஆர் 1. இன்னொருவருக்கு வயது 41, இஜிஎஃப்ஆர் 92, ஏசிஆர் 45. ரத்தத் தாளை மட்டும் பார்த்தால் முதலாமவரே நோயாளி, இரண்டாமவர் ஆரோக்கியமானவர். இரண்டு தாளையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் கவலைப்படப்போவது இரண்டாமவரைப் பற்றித்தான். நாற்பதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்குவது வயதின் இயல்பு. 41 வயதில் அவ்வளவு கசிவு இயல்பு இல்லை.

"மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது"

நம் வீடுகளில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. சித்தப்பா பிரஷர் மாத்திரை பத்து வருடம் சாப்பிட்டார், கடைசியில் கிட்னி போய்விட்டது, ஆகவே மாத்திரைதான் காரணம். இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. அந்தப் பத்து வருடமும் சித்தப்பாவுக்கு ரத்தக் கொதிப்பும் இருந்தது. அதைவிட முக்கியமான கேள்வி, மாத்திரையைத் தினமும் சாப்பிட்டாரா, அல்லது தலை சுற்றும்போது மட்டும் சாப்பிட்டாரா என்பது.

இந்தப் பயத்துக்கு ஒரு சிறு ஆதாரமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெரிண்டோபிரில், எனலாபிரில் வகை மாத்திரைகளும் லோசார்டன், வால்சார்டன், தெல்மிசார்டன் வகையும் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறக்கூடும். இணையத்தில் பார்த்துவிட்டு, அல்லது தாளைப் பார்த்துவிட்டு, பலர் இந்தக் கட்டத்தில்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

நடப்பது இதுதான். வடிகட்டிப் பந்துக்குள் ஒரு குழாய் வழியாக ரத்தம் வருகிறது, இன்னொரு குழாய் வழியாக வெளியேறுகிறது. வெளியேறும் குழாய் இறுகியிருந்தால் பந்துக்குள் அழுத்தம் கூடும், சல்லடை கிழியும். இந்த மாத்திரைகள் அந்த வெளிவழியைத் தளர்த்திவிடுகின்றன. பந்துக்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைவதால் அன்றைய வடிகட்டல் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் சல்லடை நீண்ட நாள் தாங்கும், அல்புமின் கசிவும் இறங்கும். கிரியேட்டினின் 30 விழுக்காடு வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டால் பொதுவாக மருத்துவர்கள் மாத்திரையைத் தொடரவே சொல்வார்கள். அதற்கு மேல் ஏறினாலோ, பொட்டாசியம் கூடினாலோதான் காரணம் தேடுவார்கள். அளவைக் குறைப்பார்கள், நிறுத்துவார்கள். இந்த வகை மாத்திரை தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுப்பது அதற்காகத்தான். அந்த அப்பாயிண்ட்மெண்ட்டைத் தவறவிட வேண்டாம்.

பெரிண்டோபிரில் வகை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அதற்காக மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டுவதைவிட மருத்துவரிடம் சொன்னால் லோசார்டன் வகைக்கு மாற்றித் தருவார். கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு இந்த இரண்டு வகையுமே ஆகாது. ரத்தக் கொதிப்பு உள்ள இளம் பெண்கள் குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சரி, சிறுநீரகத்தை உண்மையிலேயே கெடுக்கும் மாத்திரை எது? மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் நாம் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகள். டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் எல்லாம் இந்த இனம்தான். இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதோடு அழுத்தத்தையும் ஏற்றிவிடும். பெரிண்டோபிரில் வகையும் நீர் பிரியும் மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுபவர், அதன்மேல் இதையும் சேர்த்துப் பல நாள் சாப்பிட்டால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். காய்ச்சல் டெங்கியாக இருக்கக்கூடிய நம் ஊரில் இந்த வலி மாத்திரைகளைத் தொடாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, ரத்தக்கசிவு அபாயம். வலிக்குப் பாராசிட்டமோல், சொன்ன அளவுக்குள், பாதுகாப்பானது. வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும் நாள்களில் பிரஷர் மாத்திரைகளில் எதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இனிப்பு நீர் மாத்திரைகளைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

பதிவு எண் இல்லாமல் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் மூட்டுவலி மருந்துகளைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. மூலிகை என்று எழுதியிருக்கும். உள்ளே ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருப்பதைச் சோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்றே நாளில் முட்டிவலி பறந்துவிட்டது என்று யாராவது புகழ்ந்தால் அதுவே சந்தேகப்பட வேண்டிய காரணம்.

உப்பைக் குறைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதில் நிற்கப் போவதில்லை. ஒன்று மட்டும். சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்லது. இஜிஎஃப்ஆர் குறைந்தவருக்கு, அதிலும் லோசார்டன் வகை சாப்பிடுபவருக்கு, பொட்டாசியம் ஏறி இருதயத் துடிப்பையே பாதிக்கலாம். பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழமும் அப்படித்தான். அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோயிருக்கிறது. பழம்தானே என்று சாறு பிழிந்து கொடுத்துவிடாதீர்கள்.

முப்பது வயதில் நூற்று ஐம்பது

அலுவலகத்தின் உடல் பரிசோதனையில் முப்பது வயதுக்காரருக்கு 150 வந்தால் "ஸ்ட்ரெஸ்தான், டெட்லைன்" என்று சிரித்துக்கொண்டே போய்விடுகிறோம். வீட்டில் சில நாள் அளந்து பார்த்தும் அது இறங்கவில்லை என்றால், இந்த வயதில்தான் சிறுநீரகத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அறுபதில் வரும் கொதிப்புக்குப் பெரும்பாலும் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. இருபதிலும் முப்பதிலும் வருவதற்குப் பின்னால் சிறுநீரக நோயே ஒளிந்திருக்கலாம். ஆசிய மக்களிடம் அதிகம் காணப்படும் ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற அழற்சி, குடும்ப வழியாக வரும் நீர்க்கட்டி நோய், சிறுநீரகத்துக்குப் போகும் தமனியின் அடைப்பு, அட்ரினல் சுரப்பியின் கோளாறு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்ற சோதனையும் ஓர் அல்ட்ராசவுண்டும் இவர்களுக்குத் தேவைப்படலாம். அப்பாவோ அத்தையோ டயாலிசிஸ் செய்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். என்ன காரணத்தால் செய்தார்கள் என்பதையும் வீட்டில் விசாரித்துக்கொண்டு போங்கள். "கிட்னி கெட்டுப்போச்சு" என்பதோடு நம் குடும்பங்களில் அந்தக் கதையை நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கே, எப்போது?

ரத்தக் கொதிப்பு உள்ள எல்லாரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டு எண்களையும் பார்த்துவிட வேண்டும். கசிவு இருந்தாலோ இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே இருந்தாலோ அடிக்கடி எடுக்கச் சொல்வார்கள். ஓராண்டில் 5 புள்ளிக்கு மேல் இறங்கிக்கொண்டே போனால் நிபுணரிடம் அனுப்புவார்கள். அல்புமின் கசிவு உள்ளவருக்கு ரத்த அழுத்தத்தை 130/80-க்குக் கீழே வைத்திருக்கவே பெரும்பாலும் முயல்வார்கள். இனிப்பு நீருக்காக வந்து, இன்று இனிப்பு நீர் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் தரப்படும் புதிய மாத்திரைகளும் இருக்கின்றன. கசிவை ஆரம்பத்திலேயே பிடித்தவர்களுக்கு இன்று மருத்துவரிடம் கொடுப்பதற்கு நிறைய இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் இந்த நிலை இல்லை.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் ரத்தக் கொதிப்புக்குத் தொடர் சிகிச்சை பெறுபவர்கள் அங்கேயே கேட்கலாம். 40 வயதைத் தாண்டிய குறைந்த வருமானக் குடும்பத்தினருக்குப் பெக்கா பி40 திட்டத்தின்கீழ் ரத்த, சிறுநீர்ச் சோதனைகள் உண்டு. ஆனால் பொதுவான சிறுநீர்ச் சோதனை வேறு, ஏசிஆர் வேறு என்பதை நினைவில் வைத்து, தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தனியார் ஆய்வுக்கூடங்களின் பேக்கேஜ்களில் முப்பது நாற்பது சோதனைகள் வரிசையாக இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அந்த வரிசையில் ஏசிஆர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடிப் பாருங்கள்.

பசியாறாமல் போகவேண்டியது கொழுப்புக்கும் சர்க்கரைக்கும்தான்; இந்த இரண்டு எண்களுக்கும் அது அவசியமில்லை. தண்ணீர் குடிக்காமல் வறண்டு போகவும் வேண்டாம். முதல் நாள் கடும் உடற்பயிற்சியையும் அளவுக்கு மீறிய இறைச்சியையும் தவிர்த்துவிடுங்கள். புட்டியை முதல் நாளே கிளினிக்கில் வாங்கி வைத்துக்கொண்டால் காலையில் எழுந்ததும் பிடிக்கலாம். ஏசிஆர் முடிவு வரச் சில நாள் ஆகலாம். அடுத்த தடவை போகும்போது தாதியிடம் கேட்டு, இரண்டு எண்களையும் தேதியோடு, பிரஷர் எழுதும் அதே பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.